உங்களுக்குத் தெரியுமா? ஈர வட்டையில் ஒன்று, காய்ந்த தரையில் ஒன்று: நம்மூர் ஆக்காண்டிகள்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று இந்தக் கரையில் எந்த ஊரில் பிறந்தவரானாலும் ஆக்காண்டியின் குரல் கேட்காமல் வளர்ந்திருக்க மாட்டார். ஆனால் நம் அம்பாறை மாவட்டத்தில் ஆக்காண்டி ஒன்றல்ல, இரண்டு இனம். ஒன்று ஊரையே கூட்டிவிடும். மற்றது கண்ணுக்கு முன்னால் நின்றாலும் யாரும் பேர் கேட்பதில்லை. இந்த முறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

எது எது?

பறவை நூல்களில் இவற்றின் பெயர் சிவப்பு மூக்கு ஆள்காட்டி, மஞ்சள் மூக்கு ஆள்காட்டி. இரண்டும் உப்புக்கொத்திகளின் குடும்பத்தைச் சேர்ந்த கரைப்பறவைகள்.

சிவப்பு மூக்குதான் பெரியது. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 32 முதல் 35 சென்டிமீற்றர். தலை, தொண்டை, நெஞ்சு எல்லாம் கறுப்பு. கண்ணுக்குப் பின்னால் தொடங்கும் வெள்ளைப் பட்டி, கழுத்தின் இரு பக்கமும் இறங்கி வயிற்று வெள்ளையோடு சேர்ந்துவிடும். அலகு சிவப்பு, அதன் நுனி கறுப்பு. கண்ணுக்கு முன்னால் சின்னதாக ஒரு சிவப்புச் சதைமடல் இருக்கும். முதுகு பழுப்பு, இளவெயில் படும்போது அதில் பச்சையும் ஊதாவும் மினுங்கும்.

மஞ்சள் மூக்கு 26 முதல் 28 சென்டிமீற்றர்தான். உச்சந்தலையில் மட்டும் கறுப்புத் தொப்பி, அதன் விளிம்பில் ஒடுங்கிய வெள்ளைக் கோடு. நெஞ்சு காய்ந்த மண்ணின் நிறம். அந்த மண்ணிறம் முடிந்து வயிற்று வெள்ளை தொடங்கும் இடத்தில், மையால் இழுத்த மாதிரி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். கண்ணுக்கு முன்னாலிருந்து தொங்கும் மஞ்சள் மடல் நன்றாகப் பெரிது, தூரத்திலிருந்தே தெரியும். மூக்கு மஞ்சள் என்று பேர் இருந்தாலும், அலகில் அடிப்பாகம் தவிர மற்றதெல்லாம் கறுப்புத்தான்.

காலைப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். இரண்டுக்கும் நீண்ட மஞ்சள் கால். பறக்கும்போதும் இரண்டின் சிறகிலும் வெள்ளைப் பட்டை தெரியும், வாலில் கறுப்புப் பட்டை தெரியும். நெஞ்சைப் பாருங்கள். கறுப்பு நெஞ்சு சிவப்பு மூக்கு, மண்ணிற நெஞ்சு மஞ்சள் மூக்கு.

ஒரே மாவட்டம், இரண்டு விலாசம்

ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே சிவப்பு மூக்கு. வரம்பு, வாய்க்கால், குளக்கரை, களப்போரம், தண்ணீர் தேங்கிய புல்தரை, இவைதான் அதன் இடம். காய்ந்த தரை எங்கே இருக்கிறதோ அங்கே மஞ்சள் மூக்கு. அறுவடை முடிந்த மேட்டுக்காணி, புதர் விட்டு விட்டு நிற்கும் வெட்டை, மாடு மேய்ந்து கட்டையாகிப்போன புல்வெளி ஆகியவை அதற்குப் பிடித்தவை. வரம்பின் இந்தப் பக்கம் ஒன்று, நூறு அடி தள்ளிக் காய்ந்த மேட்டில் மற்றது என்று இரண்டையும் ஒரே பார்வையில் பிடிக்கக் கூடிய இடங்களும் உண்டு.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் சேனாநாயக்க சமுத்திரமும் இந்த மாவட்டத்தின் வறண்ட நிலத்தில் பெரும்பகுதிக்குத் தண்ணீர் கொண்டுவந்தன. வாய்க்கால் போன இடமெல்லாம் சிவப்பு மூக்குக்குத் தோதான இடம் கூடியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மஞ்சள் மூக்கின் நிலை அதற்கு நேர்மாறு. அதற்கு வேண்டியது உழாத, நனையாத, கட்டாத தரை. அப்படியான தரையைத்தான் நாம் ‘சும்மா கிடக்கிற காணி’ என்று சொல்கிறோம்.

குரலில் யார் கெட்டி?

சந்தேகமே வேண்டாம், சிவப்பு மூக்குத்தான். ஆளைக் கண்டதும் நாலைந்து அசையில் அடுக்கி அடுக்கிக் கத்தும். ஆள் கடந்து போகும் வரை தலைக்கு மேலே வட்டமிட்டபடி கத்தும். ஆங்கிலேயர் காதில் அது ‘டிட் ஹி டூ இட்’ என்று விழுந்தது. ‘அவன்தான் செய்தானா?’ என்று கேட்கிறதாம். நம்மவர் காதில் அது ஆளைக் காட்டிக் கொடுக்கும் குரலாக விழுந்தது.

மஞ்சள் மூக்கின் குரல் ‘ச்சீ-இட்’ என்று கூர்மையாக, சுருக்கமாக இருக்கும். ஊரைக் கூட்டாது. பெரும்பாலும் கத்துவதற்கு முன்னமே ஓடித் தள்ளிப் போய்விடும். அதனால்தான் இது கவனத்துக்கு வராமலே போகிறது.

இரவுக் காவல்

சிவப்பு மூக்கு இரவிலும் நடமாடும், இரவிலும் இரை தேடும். நிலாக் காலத்தில் இன்னும் கூடுதலாக. அதன் பெரிய கண் அதற்குத்தான். வேளாண்மை விளையும் நாட்களில் காவல் பரணில் படுத்திருப்பவருக்கு இது நல்ல துணை. நடுச்சாமத்தில் வயல் வட்டையின் மேற்குப் பக்கம் ஆக்காண்டி விட்டு விட்டுக் கத்தினால், அங்கே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். நாயாக இருக்கலாம், நரியாக இருக்கலாம், யானையாகவும் இருக்கலாம். குரல் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு நகர்கிறது என்று கேட்டாலே, வருகிறது எந்த வழியாக வருகிறது என்று ஓரளவு பிடித்துவிடலாம்.

ஓடு, நில், கொத்து

கொக்கு போலக் காத்து நிற்பதும் இல்லை, உள்ளான் போல நீண்ட அலகைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவுவதும் இல்லை. நாலு அடி வேகமாக ஓடும், திடீரென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். கண்ணால் பார்த்துப் பிடிக்கிற பறவைகளின் முறை இது. வண்டு, கறையான், எறும்பு, வெட்டுக்கிளி, புழு என்று எல்லாம் வயிற்றுக்குள் போகும். ஈரமண்ணில் சிவப்பு மூக்கு காலால் தட்டித் தட்டி, உள்ளே இருக்கும் பூச்சியை வெளியே வரவைப்பதும் உண்டு.

வேளாண்மைக்காரருக்கு இதில் நட்டம் ஒன்றுமில்லை. நெல்மணி தின்ன வந்த பறவை இல்லை இது.

கூடு எங்கே?

கூடு என்று சொல்ல எதுவும் இல்லை. இரண்டு இனமும் வெறுந்தரையில் நெஞ்சால் அழுத்திச் சுழன்று, கால்களால் கிண்டி, ஆழமில்லாத ஒரு பள்ளம் செய்யும். ஓரத்தில் சிறு கல், மண்கட்டி, ஆட்டுப் புழுக்கை, வைக்கோல் துண்டு என்று அக்கம்பக்கத்தில் கிடைப்பதைப் பரப்பும். அவ்வளவுதான்.

அதில் பெரும்பாலும் நாலு முட்டை. முட்டை ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் அகலம். நாலின் கூர்முனையும் நடுவை நோக்கியிருக்க, ஒன்றோடொன்று பொருந்திக் கிடக்கும். அதனால்தான் ஒரு சின்ன உடம்பால் நாலையும் ஒரே நேரத்தில் மூடி அடைகாக்க முடிகிறது. முட்டையின் நிறம் சாம்பலும் மண்ணும் கலந்தது, மேலே கருந்திட்டுகள் சிதறியிருக்கும். அறுத்த வயலில் வெயிலில் வெடித்த மண்கட்டிகளுக்கு நடுவே அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், இருக்கும் இடம் முதலே தெரிந்திருக்க வேண்டும். குனிந்து பார்க்கும்போது கண்ணுக்கு முதலில் படுவது முட்டை அல்ல. அதைச் சுற்றி ஒரே அளவில் பரவிக் கிடக்கும் சிறு கற்கள்தான். அந்த ஒழுங்குதான் காட்டிக் கொடுக்கும். அதற்குப் பிறகுதான் ஒரு கட்டி முட்டையாகத் தெரியும், பிறகு இன்னொன்று.

வயலில் அனுபவப்பட்டவர்கள் பின்னால் வரும் சிறுவர்களுக்குச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்: “அங்கால மிதியாத மனெ, ஆக்காண்டி முட்ட வெச்சிருக்கு.” பறவை கத்தும் விதத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

நடிப்பு

ஆள் கிட்ட வந்தால் அடைகாக்கும் பறவை உடனே பறக்காது. முட்டையை விட்டு எழுந்து, தலையைத் தாழ்த்திக் கொஞ்சத் தூரம் சத்தமில்லாமல் ஓடி, பிறகு வேறோர் இடத்திலிருந்து கத்தியபடி எழும்பும். பறவை கிளம்பிய இடத்தில் போய் முட்டை தேடுபவருக்கு ஒன்றும் கிடைக்காது. சிறகு முறிந்தது போல இழுத்துக்கொண்டு நொண்டி நடந்து, கீரியையோ நாயையோ பின்னால் வரவைத்துத் தூரத்துக்குக் கொண்டுபோய் விடுவதும் உண்டு. காகத்தையும் பருந்தையும் கண்டால் நடிப்பில்லை. நேரே பாய்ந்து விரட்டும்.

வயிற்றில் தண்ணீர் சுமக்கும் பறவை

இந்த இரண்டு பறவைகளைப் பற்றித் தெரிந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் கரையில் மத்தியானத் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்தத் தரையில், ஒரு செடியின் நிழல்கூட இல்லாத இடத்தில் முட்டை கிடக்கிறது. மற்றப் பறவைகள் அடைகாப்பது முட்டைக்குச் சூடு கொடுக்க. ஆக்காண்டியோ மத்தியானத்தில் முட்டையைச் சூட்டிலிருந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

அதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று, முட்டைக்கு மேலே நின்று தன் உடம்பால் நிழல் கொடுப்பது. மற்றது இன்னும் வியப்பு. பக்கத்துக் குட்டைக்கோ வாய்க்காலுக்கோ போய், நெஞ்சும் வயிறும் படும்படி தண்ணீருக்குள் இறங்கி அமர்ந்து, இறகு முழுக்க ஈரத்தை ஏற்றிக்கொள்ளும். மஞ்சள் மூக்கு இப்படி 10 நிமிடம் வரைகூடத் தண்ணீரில் ஊறும். பிறகு சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முட்டை மேல் உட்காரும். ஈரம் காயும்போது முட்டை குளிரும். குஞ்சு பொரித்த பிறகும் இது தொடரும். தாயின் நனைந்த இறகிலிருந்து குஞ்சுகளுக்குத் தண்ணீர் கிடைக்கிறது என்றும் கருதுகிறார்கள்.

ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். வெயில் உச்சத்தில் இருக்கும்போது ஆள்மாற்றம் அடிக்கடி நடக்கும். இப்படி நாலு கிழமை அளவுக்கு, அதாவது 27 முதல் 30 நாள் வரை, ஒரு நாள் விடாமல் நடந்தால்தான் குஞ்சு.

ஆகவே காய்ந்த தரைப் பறவையான மஞ்சள் மூக்குக்கும் எட்டும் தூரத்தில் ஒரு சிறு குட்டை வேண்டும். மேடு மட்டும் மிஞ்சி, பக்கத்திலிருந்த பள்ளத்தை மண் போட்டு மூடிவிட்டால், அந்த மேடும் அதற்குப் பயன்படாது.

பொரித்த அன்றே ஓட்டம்

ஆக்காண்டிக் குஞ்சு கண் திறந்த நிலையில், உடம்பெல்லாம் பஞ்சுமயிரோடு பிறக்கும். ஈரம் காய்ந்த சில மணி நேரத்தில் கூட்டை விட்டு நடக்கத் தொடங்கிவிடும். ஆபத்து என்று தாய் ஒரு குரல் கொடுத்தால் போதும், நின்ற இடத்திலேயே தரையோடு தரையாகப் படுத்து அசையாமல் கிடக்கும். மறுகுரல் வரும் வரை எழும்பாது. காலடியிலேயே குஞ்சு கிடந்தும் காணாமல் போனவர்கள் எத்தனையோ பேர்.

இன்னொன்று: தாய் இரை கொண்டுவந்து ஊட்டுவதில்லை. குஞ்சு முதல் நாளிலிருந்தே தன் சாப்பாட்டைத் தானே கொத்தித் தின்னும். தாயும் தகப்பனும் செய்வது காவலும் வழிகாட்டலும்தான்.

பாட்டில் வந்த பறவை

எங்கெங்கே முட்டை வைத்தாய் என்று ஆக்காண்டியிடம் கேட்கும் நாட்டார் பாடலைத் தமிழ் பேசும் பல ஊர்களில் ஏதோ ஒரு வடிவத்தில் பாடுகிறார்கள். முட்டையின் எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறும், குஞ்சின் எண்ணிக்கையும் மாறும். ஆனால் குஞ்சுகளுக்கு இரை தேடிப் போன தாய் கண்ணியில் அகப்படுவது மாறுவதில்லை. உண்மையில் ஆக்காண்டி குஞ்சுக்கு இரை சுமப்பதில்லை என்று மேலே சொன்னேன். பாட்டுக் கட்டியவர்கள் பறவையின் தவிப்பைப் பார்த்தார்கள். தலைக்கு மேலே விடாமல் சுற்றிச் சுற்றிக் கத்தும் அந்தத் தாயைக் கண்டவர்களுக்கு வேறெப்படிப் பாடத் தோன்றும்?

அந்தப் பாடலின் மெட்டையும் கேள்வியையும் எடுத்து, உழைத்தும் எதுவும் மிஞ்சாத மனிதரின் கதையாக மாற்றிய நவீன கவிதை ஒன்று நம் வாசலிலேயே பிறந்தது. ‘ஆக்காண்டி’ என்பதே அதன் பெயர். எழுதியவர் கல்முனையை ஒட்டிய பாண்டிருப்பைச் சேர்ந்த கவிஞர் சண்முகம் சிவலிங்கம். 2012இல் மறைந்தார். அவருடைய ‘நீர்வளையங்கள்’ தொகுதியைப் பள்ளி நூலகத்தில் கண்டால் பிள்ளைகள் எடுத்துப் படியுங்கள். இந்தக் கரையின் ஒரு பறவை தமிழ்க் கவிதையில் எவ்வளவு தூரம் பறந்திருக்கிறது என்பது தெரியும்.

கடலோடு வழக்காடிய சோடி

பஞ்சதந்திரத்தில் ஒரு கதை. கடற்கரையில் முட்டையிட்ட ஆட்காட்டிச் சோடியின் முட்டைகளைக் கடல் கொண்டுபோய்விடுகிறது. ஆண் பறவை கடலை எதிர்த்து நிற்கிறது. எல்லாப் பறவைகளும் கூடிக் கருடனிடம் முறையிட, கடைசியில் கடல் முட்டைகளைத் திருப்பிக் கொடுக்கிறது.

8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ பாரசீக வழியாக இந்தக் கதைகளை அரபுக்குக் கொண்டுவந்து ‘கலீலா வ திம்னா’ ஆக்கியபோது, இந்தச் சோடியும் கூடவே போனது. அங்கே பறவைக்குப் பெயர் தைத்தவா. கருடனின் இடத்தில் நிற்பது அன்கா என்ற பெரும்பறவை. ஓதப் போகும் பிள்ளைகள் அரபுக் கதைகளில் இதைக் கண்டால், அது நம் வரம்பில் நிற்கும் பறவையின் சொந்தக்காரன்தான்.

ஒரே ஆண்டில் இரண்டு பெயர்

இரண்டு ஆக்காண்டிக்கும் அறிவியல் பெயர் வைத்தவர் ஒருவரே, ஆண்டும் ஒன்றே. பீற்றர் பொடார்ட் என்ற ஒல்லாந்து நாட்டு இயற்கையியலாளர், 1783. பிரான்சில் அச்சான வண்ணப் படங்களைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார். கோவாவிலிருந்து போன சிவப்பு மூக்கு ‘இண்டிகஸ்’ ஆயிற்று. மலபார்க் கரையிலிருந்து போன மஞ்சள் மூக்கு ‘மலபாரிகஸ்’ ஆயிற்று. அந்த நாளில் மட்டக்களப்புக் கரை முழுவதும் ஒல்லாந்தர் கையில்தான் இருந்தது.

யார் தூரம் போனார்?

சிவப்பு மூக்கு உலகம் சுற்றியது. ஈராக், ஈரான், ஓமான் முதல் வியட்நாம் வரை அதைக் காணலாம். தொழிலுக்காக வளைகுடாவில் இருக்கும் நம்மவர்கள் அங்கே புல்தரையில் தண்ணீர் பாய்ச்சும் இடத்தில் இதே குரலைக் கேட்டிருப்பார்கள். இலங்கையில் வாழ்வது கொஞ்சம் சிறியது, நிறம் கொஞ்சம் அடர்த்தி. அதனால் சிலர் அதைத் தனித் துணையினமாகவே கணக்கெடுத்து ‘லங்கே’ என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

மஞ்சள் மூக்கோ இந்தியத் துணைக்கண்டத்தை விட்டு வேறெங்கும் குடியிருப்பதில்லை. மழைக்கு ஏற்பச் சில கூட்டங்கள் இடம் மாறும், அவ்வளவுதான். உலகத்தில் எவ்வளவோ நாட்டுப் பறவை ஆர்வலர்கள் இதைப் பார்ப்பதற்கென்றே இந்தப் பக்கம் வர வேண்டியிருக்கிறது. நமக்கோ அது சைக்கிள் தூரத்தில் நிற்கிறது.

சிவந்த முட்டை

மஞ்சள் மூக்கின் முட்டை வழமையாக மண்ணிறம். ஆனால் மலபார்க் கரையில் செம்பூறாங்கல் மண் பரந்த ஓர் ஒடுங்கிய பகுதியில் மட்டும் செந்நிற முட்டைகள் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. தரை எந்த நிறமோ முட்டையும் அந்த நிறம். இயற்கைத் தேர்வுக்கு எடுத்துக்காட்டாகப் பரிணாம நூல்களில் இது பேசப்பட்டது.

தண்டவாளத்தின் நடுவே

கல்முனைக்கு ரயில் இல்லை, பாதை மட்டக்களப்போடு நின்றுவிட்டது. இந்தியாவில் சிவப்பு மூக்கு தண்டவாளத்துக்கு நடுவே, சல்லிக் கற்களுக்கிடையே முட்டையிட்டு, மேலே ரயில் ஓட ஓட அடைகாத்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். சல்லியும் முட்டையும் ஒரே தோற்றம். வீடுகளின் தட்டையான மொட்டை மாடியிலும் முட்டை வைத்திருக்கிறது. நம் ஊர்களில் மாடி வீடுகள் கூடிக்கொண்டு வருகின்றன. மாடியில் சல்லி கொட்டி வைத்திருப்பவர்கள் அதை அள்ளும் முன் ஒருமுறை உற்றுப் பார்த்துவிடுவது நல்லது.

வானத்தைத் தாங்கும் கால்

வட இந்தியாவில் ஒரு நம்பிக்கை: வானம் இடிந்து விழுந்தால் தாங்குவதற்காக ஆக்காண்டி காலை மேலே தூக்கி மல்லாந்து தூங்குமாம். உண்மையில் அது தரையில் நின்றோ அமர்ந்தோதான் உறங்கும். மரக்கொம்பில் உட்காருவதற்கு ஏற்ற விரல் அதற்கு இல்லை. ஆக்காண்டியை மரத்தில் கண்டதாக யாராவது சொன்னால் அது வேறு பறவை.

முதல் முட்டைக்கு விழா

ஒல்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் நம் ஆக்காண்டியின் உறவினமான கொண்டை ஆக்காண்டி வாழ்கிறது. அந்த ஆண்டின் முதல் முட்டையை யார் கண்டெடுப்பது என்று அங்கே தலைமுறை தலைமுறையாகப் போட்டி. கண்டெடுத்தவர் அதை மாகாண ஆளுநரிடம் ஒப்படைத்து மரியாதை பெறுவார். பறவை குறைந்துகொண்டு வந்ததால் இப்போது முட்டையை எடுக்க முடியாது. கண்ட இடத்தைத் தெரிவிப்பதோடு சரி. முட்டை தேடித் தேர்ந்த அதே கண்கள் இன்று வயலில் கூடு இருக்குமிடத்தில் குச்சி நட்டு அடையாளம் வைக்கின்றன. உழவு மெசினும் வெட்டு மெசினும் அந்த இடத்தைச் சுற்றிப் போகும். நம் வட்டைகளிலும் செய்யக் கூடிய காரியம். குச்சியை முட்டையின் பக்கத்திலேயே நடக் கூடாது, காகம் குச்சியைப் பார்த்தே வந்துவிடும். சில அடி தள்ளி நட்டு, மெசின் ஓட்டுபவரிடம் சொல்லிவிட்டால் போதும்.

காணாமல் போன ஒன்று

ஜாவாத் தீவுக்கென்றே ஓர் ஆக்காண்டி இருந்தது. ஆற்று முகத்துவாரங்களின் சதுப்பும் புல்வெளியும் அதன் இடம். அவை வயலாகவும் மீன்வளர்ப்புக் குளங்களாகவும் மாறின. 1940இல் கண்டதுதான் உறுதியான கடைசிப் பதிவு.

சட்டமும் சொல்லும்

1937இன் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி, விதிவிலக்காகப் பட்டியலிட்ட சில பறவைகளைத் தவிர இலங்கையின் பறவைகள் எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. முட்டைக்கும் அதே பாதுகாப்பு. சட்டத்துக்கு முன்னமே நமக்கு ஒரு சொல் இருக்கிறது. பயணத்தில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது.

சும்மா கிடக்கிற காணி

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலோரத்திலிருந்து மேற்கே நகர வேண்டிய நிலை நம் ஊர்களுக்கு. நெருக்கி வாழும் ஊர்கள், காணி இல்லை. கரைவாகு வட்டைப் பக்கம் மண் போட்டு நிரப்பி வீடுகளும் கட்டடங்களும் எழுந்தன. மனிதருக்கு வீடு வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் நிரப்பும்போது பள்ளம் முழுவதையும் மூடாமல், வெள்ளம் வடிய விடும் வாய்க்காலையும் அதன் கரையையும் விட்டு வைத்தால் மாரியில் வீட்டுக்குள் தண்ணீர் வருவதும் குறையும், ஆக்காண்டிக்கும் இடம் மிஞ்சும். சிவப்பு மூக்கு வாய்க்கால் ஓரத்தில் எப்படியாவது ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் மூக்குக்குத்தான் போக்கிடம் சுருங்குகிறது. அது கத்திச் சண்டை பிடிக்கிற பறவை அல்ல. ஒரு வருடம் அந்த மேட்டில் இருக்கும், அடுத்த வருடம் இருக்காது. இல்லாமல் போனது யாருக்கும் தெரியாது.

எங்கே, எப்போது பார்க்கலாம்?

சிவப்பு மூக்குக்கு எங்கும் போக வேண்டியதில்லை. கிட்டங்கித் தாம்போதிப் பக்கம், சம்மாந்துறை வட்டைகள், நிந்தவூர் வயல்வெளி என்று எங்கேயாவது காலையில் ஒரு நடை போனால், அதுவே உங்களைக் கண்டுபிடித்துவிடும்.

மஞ்சள் மூக்குக்குத் தெற்கே போவது நல்லது. பொத்துவில், பாணமை, அதற்கப்பால் 1938இலேயே பறவைச் சரணாலயமாக்கப்பட்ட குமண. அங்குள்ள வெட்டைகளில் நிதானமாகத் தேடுங்கள். அறுவடை முடிந்து மாரி தொடங்கும் வரையிலான மாதங்கள் சரியான காலம். வலசைக் காலத்தில் சைபீரியப் பக்கமிருந்து வரும் பொன் உப்புக்கொத்திகளும் அதே கட்டைப் புல்லில் இறங்கும். தூரத்தில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியலாம். பொன் உப்புக்கொத்தியின் கால் கறுஞ்சாம்பல், முதுகு முழுக்கப் பொன்புள்ளி, முகத்தில் மடல் இல்லை. மஞ்சள் காலும் மஞ்சள் மடலும் கண்டால், அது நம் ஊர்க்காரன்.